இரண்டு மாதத்துக்கு ஒரு ஊசி: கியூஃபிட்லியாவுக்கு முன் லாப்பைப் பாருங்கள்

ஹீமோபிலியா (இரத்தம் சரியாக உறையாத நோய்) உள்ள ஒரு பையனின் முழங்கை மடிப்பைப் பார்த்தாலே அந்த வீட்டின் கஷ்டம் தெரிந்துவிடும். கிழமைக்கு இரண்டு மூன்று தடவை அதே நாளத்தில் ஃபெக்டர் (இரத்தம் உறைய உதவும் புரதம்) ஏற்றி ஏற்றி, தோல் தடித்து, நாளம் கயிறு மாதிரி இறுகிப் போயிருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு ‘இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, தோலுக்கடியில், அரை மில்லிலீற்றர்’ என்று ஒரு மருந்து வந்திருக்கிறதென்றால் அது சின்ன விஷயமில்லை. சனோஃபி நிறுவனத்தின் கியூஃபிட்லியா அதுதான். மருந்தின் பெயர் ஃபிட்டுசிரான். ஆரம்பத்தில் உருவாக்கியது அல்னைலம். 2025 மார்ச் 28ஆம் திகதி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அனுமதி கொடுத்தது. 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, ஹீமோபிலியா ஏ ஆனாலும் பி ஆனாலும், இன்ஹிபிட்டர் (ஏற்றும் ஃபெக்டரைத் தாக்கும் எதிர்ப்பொருள்) இருந்தாலும் இல்லாவிட்டாலும் போடலாம்.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மருந்து நல்ல மருந்து. ஆனால் பேனா ஊசியை மட்டும் பார்த்து மதிப்பிட்டால் பிழையாகிவிடும். பேனா, அன்டித்ரொம்பின் (இரத்தம் உறைவதைக் கட்டுப்படுத்தும் புரதம்) பரிசோதனை, இரத்தக்கசிவு வரும்போது ஏற்றவேண்டிய குறைந்த ஃபெக்டர் அளவு என்ற மூன்றும் சேர்ந்ததுதான் இந்தச் சிகிச்சை. கொழும்பில் இருந்துகொண்டு இதை யோசிக்கிற குடும்பங்கள் கடைசி இரண்டையும் உறுதிப்படுத்திய பிறகே முதலாவதைப் பற்றிப் பேசவேண்டும்.

வன்னிக் குளங்களைத் தெரிந்தவர்களுக்கு இந்த மருந்தின் வேலையை விளங்கப்படுத்துவது சுகம். இரத்தத்தை உறைய வைக்கும் கடைசி வேலையாள் த்ரொம்பின். அதைக் குளத்துத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீமோபிலியா ஏ-யில் ஃபெக்டர் 8 குறைவு, பி-யில் ஃபெக்டர் 9 குறைவு. அதாவது குளத்துக்கு வரத்து போதாது. மறுபக்கம் அன்டித்ரொம்பின் என்ற புரதம் த்ரொம்பினையும் ஃபெக்டர் 10ஏ-யையும் ஓயாமல் பிடித்து முடக்கிக்கொண்டிருக்கும். அதுதான் துருசு, குளத்துத் தண்ணீரை வெளியே விடும் மதகு. ஃபெக்டர் ஏற்றுகிற வைத்தியம் வரத்தைக் கூட்டுகிறது. ஃபிட்டுசிரான் துருசை இறுக்குகிறது. வரத்து கொஞ்சமாக இருந்தாலும் நீர்மட்டம் உயரும். இன்ஹிபிட்டர் இருக்கிறவர்களுக்கும் இது வேலைசெய்வதற்குக் காரணம் இதுதான்: இன்ஹிபிட்டர் தாக்குவது ஃபெக்டரை, இந்த மருந்து ஃபெக்டரின் பக்கமே போவதில்லை.

இறுக்கும் விதம் ஆர்.என்.ஏ. குறுக்கீடு. அன்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998இல் புழுக்களில் கண்டுகாட்டி 2006இல் நொபெல் பரிசு வாங்கிய அதே வழி. அன்டித்ரொம்பினை ஈரல் செய்கிறது. அதற்கான கட்டளை செர்பின்சி1 மரபணுவிலிருந்து தூது ஆர்.என்.ஏ.யாக வெளியே வரும். அந்தத் தூதின் ஒரு துண்டுக்கு மட்டும் பொருந்தும்படி செய்யப்பட்ட இரட்டை இழை ஆர்.என்.ஏ.தான் ஊசிக்குள் இருப்பது. அதன் நுனியில் கால்நாக் என்ற சர்க்கரை மூன்று கிளையாகப் பூட்டப்பட்டிருக்கும். ஈரல் கலங்களின் மேற்பரப்பில் அந்தச் சர்க்கரையைப் பிடித்து உள்ளே இழுக்கும் வாங்கிகள் நிறைய உண்டு. ஆகவே மருந்து பெரும்பாலும் ஈரலுக்கே போய்ச் சேரும். உள்ளே போனதும் ஓர் இழை கழன்றுவிடும். மற்ற இழை கலத்தின் சொந்த வெட்டும் இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்து, வருகிற அன்டித்ரொம்பின் தூதுகளை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டும். ஒரே இழை திரும்பத் திரும்ப வேலைசெய்வதால்தான் ஒரு ஊசி இரண்டு மாதத்துக்குத் தாங்குகிறது. மரபணு மாறுவதில்லை. மருந்து தீர்ந்தால் அன்டித்ரொம்பின் மெல்ல மெல்லத் திரும்பி வரும்.

‘தெரிந்தெடுத்துத் தாக்குகிறது’ என்பது இதன் பெருமை, அது உண்மையும்கூட. ஆனாலும் ஒன்றைப் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும். ஈரலில் ஒரே ஒரு தூதைத் தெரிந்தெடுக்கிறது என்பது சரி. ஆனால் அன்டித்ரொம்பின் உடம்பு முழுக்க ஓடும் காவல். அதைக் குறைத்தால் முழங்காலில் கசிவு நிற்கும் அதே நேரம் மூளை நாளத்திலும் காலிலும் காவல் தளர்ந்திருக்கும். குளம் நிறைந்திருக்கும்போது வரத்து வாய்க்காலையும் திறந்துவிட்டால், அதாவது வழமையான அளவில் ஃபெக்டரையும் ஏற்றினால், அணைக்கட்டு உடையும்.

அப்படி உடைந்தும் இருக்கிறது. 2017 செப்டெம்பரில், ஆய்வில் இருந்த ஹீமோபிலியா ஏ நோயாளி ஒருவர் இடுப்பு வலிக்கு ஃபெக்டர் 8 ஏற்றிக்கொண்டார். பிறகு தலைவலி வந்தது. மூளையில் இரத்தக்கசிவு என்று எடுத்துக்கொண்டு வைத்தியசாலையில் மேலும் மேலும் ஃபெக்டர் ஏற்றினார்கள். உண்மையில் அது மூளை நாளத்தில் இரத்தக்கட்டு. அவர் இறந்துபோனார். ஆய்வு நிறுத்தப்பட்டு, கசிவுக்கு ஃபெக்டர் அளவைக் குறைக்கும் விதிகளுடன் அந்த ஆண்டு முடிவில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அடுத்து வந்த மூன்றாம் கட்ட ஆய்வுகளில் எல்லோருக்கும் மாதம் 80 மி.கி. என்ற ஒரே அளவுதான். 2020 ஒக்டோபரில் உயிராபத்தில்லாத இரத்தக்கட்டுகள் சில காணப்பட்டு மறுபடியும் ஊசி நின்றது. அன்டித்ரொம்பின் 10 வீதத்துக்குக் கீழே போனவர்களில் ஆபத்து கூட என்று தெரியவந்த பிறகுதான் இப்போதுள்ள முறை வந்தது: 50 மி.கி. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்று தொடங்கி, அன்டித்ரொம்பினை 15க்கும் 35க்கும் இடையில் பிடித்து வைப்பது. 15க்குக் கீழே போனால் 20 மி.கி.க்கு, தேவைப்பட்டால் 10 மி.கி.க்கு இறக்குவார்கள். அதிலும் 15க்குக் கீழே என்றால் மருந்தை நிறுத்துவார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் 35க்கு மேல் நின்றால் கூட்டுவார்கள்.

பலன் என்ன? இந்த முறையில் ஊசி போட்டவர்களின் ஆண்டுக் கசிவு எண்ணிக்கை, இன்ஹிபிட்டர் உள்ளவர்களில் 73 வீதமும் இல்லாதவர்களில் 71 வீதமும் குறைந்தது. நல்ல எண்கள். ஆனால் ஒப்பிட்டது கசிவு வந்த பிறகு மட்டும் மருந்து ஏற்றியவர்களோடு. ஒழுங்காகத் தடுப்பு ஃபெக்டர் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிற ஒருவர் தனக்கும் இதே அளவு குறையும் என்று எண்ணக்கூடாது.

இனிப் பரிசோதனை. இந்த மதிப்புரையில் அதிக இடம் இதற்குத்தான், ஏனென்றால் பிழை நடப்பதும் இங்கேதான்.

மருந்தோடு சேர்த்து அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட பரிசோதனை சீமென்ஸ் ஹெல்தினியர்ஸ் நிறுவனத்தின் இனோவன்ஸ் அன்டித்ரொம்பின். ஃபெக்டர் 10ஏ-யை அன்டித்ரொம்பின் எவ்வளவு முடக்குகிறது என்பதை நிற மாற்றத்தால் அளக்கும். த்ரொம்பினை வைத்து அளக்கும் கிட்டுகளும் சந்தையில் உண்டு. சுகதேகிகளில் இரண்டும் ஒரே மாதிரிக் காட்டினாலும், 15க்குப் பக்கத்தில் வரும்போது இரண்டு மூன்று புள்ளி வித்தியாசம்கூட மருந்தளவை மாற்றிவிடும். ஆகவே லாப்பில் போய் ‘அன்டித்ரொம்பின் செய்வீர்களா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தக் கிட், 10ஏ முறையா த்ரொம்பின் முறையா, செயற்பாட்டை அளக்கிறதா வெறும் புரத அளவையா, 20 வீதத்துக்குக் கீழே நம்பத்தக்க முடிவு வருமா, கொழும்பிலேயே ஓடுகிறதா வெளிநாட்டுக்கு அனுப்புகிறதா என்று கேளுங்கள். புரத அளவை மட்டும் அளக்கும் பரிசோதனை இதற்கு உதவாது. தெரிந்தெடுத்த லாப்பை நடுவில் மாற்றவும் வேண்டாம். விலை குறைவென்று ஒரு தடவை வெள்ளவத்தையில், அடுத்த தடவை பொரளையில் என்று கொடுத்தால் கிடைக்கிற இரண்டு எண்களையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கவே முடியாது.

இரத்தம் எடுக்கும் இடத்தில் நீல மூடிக் குழாயைக் கவனியுங்கள். அதற்குள் இரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் திரவம் 0.3 மி.லீ. ஏற்கெனவே இருக்கும். அதற்கு 2.7 மி.லீ. இரத்தம் வரவேண்டும், கோடு வரைக்கும். ஹீமோபிலியாக்காரரின் நாளம் ஒத்துழைக்காது, பாதி வந்ததும் நின்றுவிடும், ‘பரவாயில்லை, இது போதும்’ என்று தாதி மூடிவிடுவார். அது போதாது. ஹீமட்டோக்ரிட் (இரத்தத்தில் சிவப்புக் கலங்களின் வீதம்) 45 உள்ள ஒருவரின் குழாய் பாதிதான் நிறைந்தால், சிட்ரேட்டால் பிளாஸ்மா கூடுதலாக நீர்த்துப்போய், உண்மையில் 16 வீதமாக இருக்கிற அன்டித்ரொம்பின் 14க்குக் கீழே காட்டும். தேவையில்லாமல் மருந்தைக் குறைப்பார்கள், இரண்டு மாதத்தில் கசிவு திரும்பும், பழி மருந்தின் மேல் விழும். குழாய் நிறையாவிட்டால் புதுக் குழாயில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். நிரம்பியதும் மெதுவாக நான்கைந்து தடவை தலைகீழாகத் திருப்பவேண்டும், குலுக்கக்கூடாது. உள்ளே சிறு கட்டி தெரிந்தால் அந்த மாதிரியை எறியவேண்டியதுதான்.

இன்னொரு பொறி: ரிவரொக்சபன், அபிக்சபன் போன்ற, இரத்தக்கட்டைத் தடுக்கும் மாத்திரைகள். 10ஏ முறைப் பரிசோதனையில் இவை அன்டித்ரொம்பினை உள்ளதைவிடக் கூடக் காட்டும். இரத்தக்கட்டு சந்தேகத்தில் யாராவது தொடங்கியிருந்தால் லாப்புக்குச் சொல்லவேண்டும்.

திகதிகளும் சும்மா போடப்பட்டவை அல்ல. முதல் ஊசியிலிருந்து 4, 12, 20, 24ஆவது கிழமைகளில் இரத்தம் எடுக்கச் சொல்வார்கள். ஊசி விழுவது 0, 8, 16, 24இல். ஆகவே முதல் மூன்று மாதிரியும் இரண்டு ஊசிகளுக்கு நடுவே விழுகின்றன, கடைசியாக வருவது அடுத்த ஊசிக்குச் சற்று முன். போயா தினம், பாடசாலைச் சோதனை என்று மாதிரியை இரண்டு கிழமை தள்ளிப்போட்டால் வேறொரு கட்டத்தைத்தான் அளந்திருப்பீர்கள். அளவை மாற்றினால் இந்த வரிசை மறுபடி முதலிலிருந்து. சரியான அளவு பிடிபட்ட பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை போதும். லாப்புக்குக் கொடுக்கும் துண்டில் மருந்தின் பெயரை எழுத மறக்கவேண்டாம். சாதாரண ஆளுக்கு அன்டித்ரொம்பின் 80க்கு மேல் இருக்கும். 22 என்று வந்தால் ரிப்போட்டில் சிவப்பில் விழும், விஷயம் தெரியாத ஒருவர் பதறிப்போய்ப் பிளாஸ்மா ஏற்றச் சொல்லக்கூடும். சிகிச்சை சரியாகப் போகிறது என்பதற்கு அந்த 22தான் அடையாளம்.

ஈரல் பரிசோதனையும் உண்டு: தொடங்குமுன் ஒன்று, பிறகு குறைந்தது ஆறு மாதத்துக்கு மாதம் ஒன்று, அளவைக் கூட்டினால் அதேபோல. ஏற்கெனவே ஈரல் பாதிப்பு உள்ளவர்களுக்கு இந்த மருந்து வேண்டாம். பழைய காலத்தில் பிளாஸ்மாவும் ஃபெக்டரும் ஏற்றி ஹெப்படைட்டிஸ் சி தொற்றியவர்கள் இருக்கலாம் என்பதால் மூத்த நோயாளிகள் அதை முதலில் பார்க்கவேண்டும். கொழும்புக்கென்று ஒரு சிக்கல்: டெங்கு. டெங்குவிலும் ஈரல் நொதிகள் எகிறும், பிளேட்லெட் விழும், கசிவு வரும். காய்ச்சல் வந்த நாளே கிளினிக்குக்கு அறிவியுங்கள். நொதி ஏறியது மருந்தாலா நுளம்பாலா என்று பிரித்துப் பார்க்க முன்னைய மாதங்களின் ரிப்போட்டுகள் கையில் இருக்கவேண்டும், ஆகவே எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

பித்தப்பை பற்றிய எச்சரிக்கை மருந்தின் அமெரிக்கக் குறிப்பேட்டிலேயே கட்டம் கட்டிப் போடப்பட்டிருக்கிறது, இரத்தக்கட்டு எச்சரிக்கைக்குப் பக்கத்தில். வலது விலாவுக்குக் கீழே, கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வலியை எங்கள் ஆட்கள் ‘கேஸ்’ என்று சொல்லிப் பாமசியில் ஒமெப்ரசோல் வாங்கி விழுங்கிவிடுவார்கள். இந்த ஊசி போடுகிறவர் அப்படிச் செய்யக்கூடாது. ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும். முன்பே பித்தப்பைக் கோளாறு இருந்தவர்கள் வேறு மருந்து யோசிப்பது நல்லது.

பேனாவைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. 50 மி.கி. 0.5 மி.லீ.யில். வயிறு, தொடை, அல்லது வேறொருவர் போடுவதானால் மேற்கை. தொப்புளைச் சுற்றி நான்கு விரல் அகலம் விட்டுவிடுங்கள். குறைந்த அளவுக்கு வரும் சின்னக் குப்பியில் 0.2 மி.லீ.யில் 20 மி.கி. இருக்கும். இங்கே ஒரு கவனம்: 10 மி.கி. என்றால் 0.1 மி.லீ. வீட்டில் கிடக்கும் 100 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் அது ‘10’ கோட்டில் வரும், 20 மி.கி. ‘20’இல் வரும். எண் ஒத்துப்போகிறதே என்று பழகிவிட்டால், வேறு வகைச் சிரிஞ்ச் கைக்கு வரும் நாளில் பிழை நடக்கும். 0.01 மி.லீ. கோடு போட்ட 1 மி.லீ. சிரிஞ்சையே பாவியுங்கள். சேமிப்பில் இது பெரிய நிம்மதி: 2 முதல் 30 பாகை வரை தாங்கும். மின்வெட்டு நீண்ட 2022 மாதிரி ஒரு காலத்தில் ஃபெக்டர் குப்பிகளுக்காக ஐஸ் தேடி ஓடிய குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனாலும் கொழும்பின் பகல் வெயிலில் ஓட்டுக்கூரை அறை 30ஐத் தாண்டும். பிரிட்ஜின் நடுத்தட்டே பாதுகாப்பு, ஃபிரீசருக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

தொடங்கும்போது வழமையான தடுப்பு ஃபெக்டரை முதல் ஏழு நாளுக்குத் தொடரலாம், அதற்கு மேல் நிறுத்தவேண்டும். அன்டித்ரொம்பின் இறங்கக் கிழமைகள் எடுக்கும், முதல் மாதத்தில் ஒரு கசிவு வந்தால் மருந்து தோற்றுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள்.

யாருக்கு? ஹீமோபிலியா பி-யில் இன்ஹிபிட்டர் வந்தவர்களுக்கு ஐந்துக்கு ஐந்து. தோலுக்கடியில் போடும் இன்னொரு தடுப்பு மருந்தான எமிசிசுமாப் ஹீமோபிலியா ஏ-க்கு மட்டும்தான் என்பதால் இவர்களுக்கு வழி குறைவு, அதிலும் ஃபெக்டர் 9 ஏற்றினாலே கடும் ஒவ்வாமை வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஹீமோபிலியா ஏ-யில் எமிசிசுமாப் கிடைத்து மூட்டுகள் அமைதியாக இருப்பவர்களுக்கு மாறச் சொல்ல எங்களால் முடியாது. அதற்கு இத்தனை பரிசோதனையும் இல்லை. நாளம் கிடைக்காத பி நோயாளிகளுக்கு, லாப் உறுதியானால், நான்கு. முன்பு இரத்தக்கட்டு வந்தவர்களுக்கும் பிறவியிலேயே கட்டுப்பிடிக்கும் தன்மை உள்ளவர்களுக்கும் வேண்டவே வேண்டாம்.

விலை அமெரிக்காவில் ஆண்டுக்குப் பல இலட்சம் டொலர். தனிப்பட்ட கையிருப்பால் முடிகிற காரியமில்லை. தேசிய வைத்தியசாலையிலோ லேடி ரிட்ஜ்வேயிலோ உங்களைப் பார்க்கும் இரத்தநோய் நிபுணரிடமே கேளுங்கள்: தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவு நிலை என்ன, வழி என்ன என்று. வெளிநாட்டிலிருக்கும் மாமா பையில் போட்டுக் கொண்டுவந்து தரும் பேனாவை மட்டும் ஏற்றிக்கொள்ளாதீர்கள். போட்டபின் திருப்பி எடுக்க முடியாது, அன்டித்ரொம்பின் பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகும்.

கடைசியாக அட்டை. இரவு பத்து மணிக்கு முழங்கால் வீங்கி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் அங்குள்ள வைத்தியர் பழகிய கணக்கில் ஃபெக்டர் 8ஐக் கிலோவுக்கு 25 முதல் 50 யூனிட் என்று ஏற்றப்போவார். 60 கிலோ ஆளுக்கு அது 1500 முதல் 3000. ஃபிட்டுசிரானில் இருக்கிறவருக்குத் தொடக்க அளவு கிலோவுக்கு 10, அதாவது 600. ஃபெக்டர் 9 என்றால் கிலோவுக்கு 20, ஏ.பி.சி.சி. (இன்ஹிபிட்டர் உள்ளவர்களுக்கு ஏற்றும் ஃபெக்டர் கலவை) என்றால் 30, செயற்படுத்தப்பட்ட ஃபெக்டர் 7 என்றால் கிலோவுக்கு 45 மைக்ரோகிராமுக்கு மேற்படாமல். ஃபெக்டர் 8, 9, ஏ.பி.சி.சி. மூன்றையும் 24 மணித்தியாலத்துக்குள் திரும்ப ஏற்றுமுன் நிபுணரைக் கேட்கவேண்டும், கசிவை நிறுத்தக் கொடுக்கும் ட்ரனெக்சமிக் அமிலம் சேர்ப்பதற்கு முன்னும் அப்படியே. கடும் தலைவலி, பார்வை மங்கல், ஒரு கால் மட்டும் வீங்குதல், மூச்சுத்திணறல் என்று வந்தால் ஃபெக்டர் ஏற்றுவதற்கு முன் இரத்தக்கட்டைத் தேடவேண்டும். இதையெல்லாம் நிபுணரின் கையொப்பத்துடன் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு அட்டையில் எழுதுவித்து, லமினேட் பண்ணி, அடையாள அட்டைக்குப் பின்னால் வையுங்கள். இன்னொரு பிரதி அம்மாவின் பேர்ஸில். மருந்தின் பெயரும் கடைசியாக ஊசி போட்ட திகதியும் மேலே, பெரிய எழுத்தில்.